கீச் சத்தம் நிற்கும் வரை: நாய்க்கு விசில் பொம்மை வாங்குவது எப்படி

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மணி சிப்பிப்பாறைக் கலப்பு. ரோஸி வெள்ளை ஸ்பிட்ஸ். தெருவில் எல்லோரும் பொமரேனியன் என்பார்கள். அடுப்படி அலமாரிக்குக் கீழே மூஞ்சூறு ஒன்று கீச்சிட்டால் போதும், இரண்டும் தலையைச் சாய்த்து அப்படியே உறைந்து நிற்கும். ஒருநாள் மஞ்சள் ரப்பர் கோழி ஒன்றை வாங்கி வந்து அமுக்கினேன். அதே தலைசாய்ப்பு, அதே உறைவு.

மணி துரத்தினான், கவ்வினான், இரண்டு முறை உதறினான், அப்புறம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். ரோஸி அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனாள். இருபது நிமிடம் கீச் கீச். பிறகு சத்தம் நின்றது. குனிந்து பார்த்தால் கோழியின் வயிற்றில் ஓட்டை. உள்ளே இருந்த விசில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள பிளாஸ்டிக் வில்லை, அவள் முன்னங்கால்களுக்கு நடுவே எச்சிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாய் அதற்குத்தான்.

மற்றப் பொம்மைகளில் ஏதாவது பிய்ந்தால் அது விபத்து. விசில் பொம்மையில் அப்படியில்லை. நாய் தேடிப் போவதே விசிலைத்தான். அதனால் இதை 'உறுதியானதா' என்று மட்டும் பார்த்து வாங்க முடியாது. எந்த நாய்க்கு, எப்படி விளையாட, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இத்தனை ஆசை?

வேட்டை என்பது நாய்க்கு ஒரே செயல் இல்லை, ஒரு வரிசை. காது கொடுத்தல், உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், உதறிக் கொல்லுதல், கிழித்தல், தின்னுதல். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் நாய் இனங்களை விளக்கியது இந்த வரிசையை வைத்துத்தான். ஓநாயிடம் எல்லாப் படிகளும் இருக்கும். மனிதன் தனக்கு வேண்டிய படியை வளர்த்து, வேண்டாததை மங்கச் செய்தான். ஆடு மேய்க்கும் பார்டர் காலி உற்றுப் பார்த்துப் பதுங்கித் துரத்தும். ஆட்டைக் கடிக்கக் கூடாது. லாப்ரடார் சுட்டு விழுந்த பறவையை நசுக்காமல் கொண்டுவர வேண்டும். டெரியர்களுக்கு எலியைக் கவ்வி உதறுவதுதான் பிழைப்பே. 1823இல் லண்டனில் பில்லி என்ற நாய் நூறு எலிகளை ஐந்தரை நிமிடத்தில் தீர்த்தது என்று பதிவு இருக்கிறது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பழகிய நாய்கள். ஓட்டத்தில்தான் அவற்றுக்கு உயிர்.

மணிக்குத் துரத்தியதும் ஆர்வம் வடிந்ததும், ரோஸி கிழித்தே தீர்வேன் என்று நின்றதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் இனத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளே வேறு வேறு மாதிரி விளையாடும்.

அடிபட்ட எலியும் அணிலும் உயர்ந்த சுருதியில் கீச்சிடும். பொம்மை விசிலும் அப்படித்தான். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்காது 45,000 வரை. நமக்குக் கேட்கும் கீச்சுக்கு மேலேயும் ஏதாவது இருந்தால் அதுவும் நாய்க்குக் கேட்கும் என்று அர்த்தம்.

ஆனால் 'இரையின் அலறல்' என்பதோடு விளக்கத்தை நிறுத்திவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீதிப் பாதி எளிமையானது: அமுக்கினால் பதில் வருகிறது. ஆறு மாதக் குழந்தை கிலுகிலுப்பையை விடாமல் ஆட்டுவது எதற்காகவோ, அதேதான் இங்கும். அதோடு, பொம்மை கத்தினால் நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்கள், சிரிக்கிறீர்கள், "ஏய், போதும்டி!" என்கிறீர்கள். நாய்க்கு அதுவும் வெற்றிதான்.

விசில் செத்ததும் பொம்மை அநாதையாகக் கிடப்பதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷாவும் கூட்டாளிகளும் கூண்டில் வளரும் நாய்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஆர்வம் குறைந்துகொண்டே போனது. வேறு ஒன்றைக் கொடுத்ததும் மறுபடி துளிர்த்தது. பொம்மையில் ஏதாவது மாறிக்கொண்டே இருக்க வேண்டும் போல. சத்தம் அப்படி ஒரு மாற்றம். கிழிந்த துணியும் அப்படித்தான்.

கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம். ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து இரண்டு மாத வாக்கில் சில நாய்களுக்குப் பொய்க் கர்ப்பம் வரும். அப்போது விசில் பொம்மையைக் குட்டி என்று நினைத்து மூலைக்குக் கொண்டுபோய் நக்கும், கிட்டே போனால் உறுமும். கீச் சத்தம் குட்டியின் முனகல் போலக் கேட்கிறதோ என்னவோ. அந்த நாட்களில் நாய் வெளியே போயிருக்கும்போது பொம்மையை எடுத்து ஒளித்துவிடுங்கள். வாயிலிருந்து பிடுங்கப் போகாதீர்கள்.

முதல் படி: நாய் எந்த இடத்தில் நிறுத்துகிறது?

கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு மூன்று மாலை நேரங்களை இதற்குக் கொடுங்கள். பழைய குளியல் துண்டை முடிச்சுப் போட்டு இழுத்து ஆட்டி, நாய் கவ்வியதும் விட்டுவிடுங்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

தூக்கிக்கொண்டு வாலாட்டிச் சுற்றி வந்தால் அது சுமக்கிற நாய். எந்த விசில் பொம்மையையும் மாதக்கணக்கில் வைத்திருக்கும். தலையை வேகமாக இருபுறமும் உதறிவிட்டுப் போட்டால் உதறுகிற நாய்; நீளமான, கனமில்லாத பொம்மை பிடிக்கும். இரண்டு முன்னங்காலாலும் அழுத்திப் படுத்து, முன்பற்களால் நூல் நூலாகப் பிடுங்கினால் அது கிழிக்கிற நாய். கிழித்ததை விழுங்குகிறதா துப்புகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. விழுங்கும் நாய் என்றால் உள்ளே விசில் வைத்த பொம்மை அதற்கு வேண்டாம். காசு கூடக் கொடுத்து 'கிழியாதது' என்று எழுதியதை வாங்கினாலும் சரி. அது மெதுவாகக் கிழியும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாய்க்கு விசில் உங்கள் கையில் இருக்கட்டும்: நீங்கள் கீச்சிடுங்கள், அது பந்தைத் துரத்தட்டும்.

பல் மாறும் குட்டிகள், அதாவது மூன்றரை மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை, எல்லாமே கிழிக்கிற நாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு

பந்தோ பொம்மையோ, கோரைப்பற்களைத் தாண்டி முழுதாக உள்ளே போகக் கூடாது. போனால் தொண்டையை அடைக்கும். டென்னிஸ் பந்து லாப்ரடாருக்குச் சரியான அளவு என்று நினைக்கிறோம். பெரிய வாய் உள்ள நாய்க்கு அதுவே சிறியது. வீட்டில் பெரியதும் சிறியதுமாக இரண்டு நாய் இருந்தால் பெரிய நாயின் வாய்தான் கணக்கு. எங்கள் வீட்டில் ரோஸிக்கு என்று வாங்கிய குட்டிப் பந்தை மணி ஒரே கவ்வில் காணாமல் போக்கினான். நல்லவேளை, துப்பினான்.

உருண்டையான பொம்மையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் வாங்காதீர்கள். நாய் நாக்கை உள்ளே விட்டு நக்கும்போது காற்று உறிஞ்சப்பட்டு, நாக்கு வீங்கி மாட்டிக்கொள்ளும். இரண்டு ஓட்டை இருந்தால் காற்று மறுபக்கம் வந்துவிடும்.

எதனால் செய்தது?

கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழ வேண்டும். விழாத அளவு கெட்டியான பொம்மை கடைவாய்ப்பல்லைப் பிளக்கும். விசில் பொம்மைகளில் இந்தப் பிரச்சினை குறைவு. அவற்றின் குறை நேர் எதிர்த்திசையில், ரொம்ப மென்மை.

மெல்லிய லேடெக்ஸ் கோழிகள் சத்தத்தில் கெட்டிக்காரர்கள், ஆயுள் குறைவு. சுமக்கிற நாய்க்கும் பல் குறைந்த கிழ நாய்க்கும் கொடுக்கலாம். தடித்த இயற்கை ரப்பர் நன்றாக உழைக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கும் வாடை தெரிந்தவர்களுக்கு முகர்ந்தாலே ஓரளவு பிடிபடும். அதே முகர்தலில் புதுச் செருப்பு, மழைக்கோட்டு போலச் சுரீர் என்று ஏறினால் அது பெரும்பாலும் மென்மையாக்கிய பி.வி.சி. அந்த மென்மைக்குச் சேர்க்கிற தாலேட்டுகள் வாய் வழியே உள்ளே போகக்கூடியவை. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்ப் பயிற்சிக்கு எறியும் பொம்மைகளைச் செயற்கை எச்சிலில் ஊறவைத்துப் பார்த்தபோது தாலேட்டும் பி.பி.ஏ. என்ற இன்னொரு பிளாஸ்டிக் வேதிப்பொருளும் கசிந்து வந்தன. வெயிலில் காரின் பின்சீட்டில் கிடந்து பிசுபிசுப்பான பொம்மையை நாய்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பஞ்சடைத்த துணிப் பொம்மைக்குத் தையல்தான் உயிர். இரு பக்கமும் பிடித்து இழுங்கள். நூல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கண், பொத்தான், ரிப்பன், சலங்கை எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் கத்தரித்துவிடுங்கள். பஞ்சே இல்லாமல் தட்டையாக அணில், நரி போலச் செய்த பொம்மைகளும் கிடைக்கின்றன. உதறுகிற நாய்க்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. கயிறு வால் வைத்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நூல் குடலுக்குள் போனால் குடலே துணிச்சுருக்கம் போல மடிந்து கிழியும்.

சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். கடைக்காரர் முறைத்தால் பரவாயில்லை.

'குழந்தைகள் பொம்மைதானே, பாதுகாப்பாகத்தான் இருக்கும்' என்பது பலர் சொல்வது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சோதனை குழந்தையின் கைக்கும் வாய்க்குமானது, நாயின் கோரைப்பல்லுக்கு இல்லை. நாய்ப் பொம்மைகளோ அந்த விதிக்குள்ளேயே வராது. அட்டையில் 'விஷமற்றது' என்று அச்சடிக்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விசில் எங்கே இருக்கிறது?

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதைத்தான். பொம்மையைக் காதருகே வைத்து மெதுவாக அமுக்குங்கள். காற்று எந்த வழியாக வருகிறதோ அங்கேதான் விசில்.

திருவிழாக் கடைகளில் தொங்கும் ரப்பர் வாத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வட்ட ஓட்டை. அதில் விசில் வெறுமனே செருகியிருக்கும். பசை கூட இருக்காது. விரல் நகத்தால் நெம்பினால் டப்பென்று கையில் வரும். உங்கள் நகத்துக்கே வருவது நாய்ப் பல்லுக்கு எத்தனை நேரம் தாங்கும்? இந்த வகை எந்த நாய்க்கும் வேண்டாம்.

இரண்டாவது வகையில் விசில் உள்ளே வார்க்கப்பட்டிருக்கும், அல்லது தடித்த சுவருக்கு உள்பக்கமாகப் பதிந்திருக்கும். வெளியிலிருந்து நெம்ப முடியாது. ரப்பரில் இதைத்தான் தேடுங்கள். மூன்றாவது, துணிப் பொம்மையின் வயிற்றில் தனிப் பைக்குள் தைத்த விசில். பஞ்சுக்குள் சும்மா மிதக்கிற விசிலைவிட இது மேல். வெளித்தோல் கிழிந்த பின்னும் இன்னொரு சுவர் இருக்கும், உங்களுக்கு எழுந்து வர நேரம் கிடைக்கும். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்து விசிலை மாற்றிக்கொள்ளும் பொம்மைகளும் உண்டு. மலிவுதான், ஆனால் ஒட்டுப்பட்டையைப் பிரிக்க ரோஸிக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை.

மனிதக் காதுக்குக் கேட்காத விசில் வைத்த பொம்மைகளும் வந்துவிட்டன. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாரோடு சமாதானமாக இருக்கலாம். எனக்கு அதில் அரைமனது. கட்டிலுக்கு அடியில் சத்தம் நின்றதால்தானே நான் அன்று குனிந்து பார்த்தேன்!

வீட்டில் முதல் நாள்

நாய் முன்னால் போய் முகத்துக்கு நேரே அமுக்காதீர்கள். சில நாய்கள் இந்தச் சத்தத்துக்கு நடுங்கும், பட்டாசுக்குப் பயப்படுகிறவை குறிப்பாக. துண்டுக்குள் சுற்றி, அறையின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லமாக ஒரு முறை அமுக்குங்கள். காது முன்னே வந்தால் தொடரலாம். வால் தாழ்ந்து ஒதுங்கினால் விசில் இல்லாத பொம்மை போதும். எல்லா நாய்க்கும் இது பிடித்தாக வேண்டும் என்று சட்டமா என்ன?

திரும்பியே பார்க்காத நாய் இருந்தால், குறிப்பாக முழு வெள்ளைக் குட்டியாக இருந்தால், கவனியுங்கள். டால்மேஷியனிலும் நம் ராஜபாளையத்திலும் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து, காற்றோ அதிர்வோ படாத தூரத்தில், விசிலை அமுக்கிப் பாருங்கள். பல முறையும் அசையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். குட்டி வாங்கப் போகும்போதே பையில் ஒரு விசில் பொம்மை இருந்தால் நல்லது.

விளையாட்டு ஐந்திலிருந்து பத்து நிமிடம். நீங்கள் எறிய வேண்டும், ஒளிக்க வேண்டும், இழுக்க வேண்டும். முடிக்கும்போது பிடுங்காதீர்கள், பண்டமாற்றுச் செய்யுங்கள்: மூக்கருகே ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் காட்டி "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வாய் திறந்ததும் கோழித்துண்டு அதற்கு, பொம்மை உங்களுக்கு. பிறகு ஒரு முறை பொம்மையையே திருப்பிக் கொடுங்கள். விட்டால் போய்விடாது என்று புரிந்த நாய் விழுங்கி ஒளிக்காது. பொம்மையைப் பறிக்கத் துரத்தப்படும் நாய்தான் அவசரத்தில் விழுங்கும்.

அப்புறம் அலமாரியில் பூட்டிவிடுங்கள். வேலைக்குப் போகும்போது 'பொழுதுபோகட்டும்' என்று விசில் பொம்மையை விட்டுப் போகாதீர்கள். மூன்று பொம்மை வைத்துக்கொண்டு நாலு நாளைக்கு ஒன்றாக மாற்றி எடுத்தால் ஒவ்வொன்றும் புதிதுபோலவே இருக்கும்.

சப்பை மூக்கு பக் நாய் வளர்ப்பவர்கள் சித்திரை வைகாசி மதியத்தில் இந்த விளையாட்டை எடுக்கவே கூடாது. கீச் சத்தத்துக்கு அது மூச்சு வாங்குவதையும் மறந்து ஆடும். காலை ஏழுக்கு முன், இல்லை இருட்டிய பிறகு.

நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில், அந்தக் கீச் கீச் ஷூவை மறந்துவிடாதீர்கள். நாயின் காதுக்கு அது ஓடுகிற விசில் பொம்மை. நாய் கடிக்க நினைக்காவிட்டாலும் காலைக் கவ்வும், குழந்தை விழும். பல ஷூக்களின் குதிகாலில் உள்ள விசிலை நெம்பி எடுத்துவிடலாம். குழந்தையின் பொம்மைக் கூடையும் நாய்க்கு எட்டாமல் இருக்கட்டும்.

விழுங்கிவிட்டால்

மூச்சுத் திணறி, வாயைக் காலால் பறித்து, ஈறு நீலமானால் அது தொண்டையில் இருக்கிறது. வாயைத் திறந்து பாருங்கள். தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரல் விட்டால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கலாம். பெரிய நாய் என்றால் பின்னாலிருந்து அணைத்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாகச் சட்டென்று அழுத்துங்கள். வெளியே வந்துவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள்.

சும்மா முழுங்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு நின்றால்தான் நாம் ஏமாறுகிறோம். உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வயிற்றில் இருக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவோ, குழாய்க் கேமரா விட்டு எடுக்கவோ வாய்ப்பு உண்டு. குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் அறுவைதான். உப்புக் கரைசல் ஊற்றி நீங்களே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாயைக் கொன்றுவிடும். விளக்கெண்ணெயும் வேண்டாம். அடைத்த குடலைப் பேதி மருந்தால் தள்ளினால் கிழியும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள்.

போகும்போது மிச்சப் பொம்மையைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எது குறைகிறது, எவ்வளவு பெரியது என்று டாக்டருக்குத் தெரியும். பிளாஸ்டிக்கும் துணியும் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, அதனால் ஸ்கேனும் கேட்பார்கள். விழுங்கியதை நீங்கள் பார்க்கவில்லை, ஆனால் விசிலைக் காணவில்லை என்றால் சில நாட்கள் கண் வைத்திருங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமை, வயிற்றைத் தொட்டால் சுருங்குதல், முக்கியும் மலம் வராமை. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போங்கள்.

கழுவுவதும் தூக்கிப் போடுவதும்

வாரம் ஒரு முறை வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ரப்பர் பொம்மையின் விசில் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகும். மழைக்காலத்தில் அது காயாமல் உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும். அமுக்கினால் கறுப்புத் தண்ணீர் வரும். ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வைத்து, நிழலில், முழுதாகக் காயும் வரை கவிழ்த்து வையுங்கள். துணிப் பொம்மை துணியோடு துணியாக மெஷினில் போகலாம்.

கழுவும்போதே பரிசோதனையும் முடிந்துவிடும். ரப்பரில் விரல் நுழையும் விரிசல், துணியில் பஞ்சு தெரியும் தையல், சத்தம் கரகரப்பாக மாறுதல் எதுவானாலும் அன்றோடு சரி. சத்தம் கெட்டது விசில் இடம் மாறிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். தைத்துக் கொடுக்கலாமா என்றால் துணியைத் தைக்கலாம், ஆனால் விசிலை எடுத்துவிட்டு.

எடுத்த விசிலை நான் குப்பையில் போடுவதில்லை. ரோஸியின் வாயிலிருந்து மீட்ட அந்த வில்லை இன்றும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மாலையில் கண்மாய்க் கரையில் மணி எதையோ பார்த்துத் தெறித்து ஓடும்போது, பெயர் சொல்லிக் கத்துவதை விட்டுவிட்டு அதை வாயில் வைத்து ஒரு ஊது ஊதுவேன். நூறு அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துத் திரும்பிப் பார்ப்பான்.